பார்வையாளர் இல்லாத வாயாங்

“ஞாயிறு, பகல் 2.10. மதியம் ஆட்டிறைச்சிப் பிரட்டல். மனைவி வாயாங்.”

என் நாட்குறிப்பில் இந்த வரியை எழுதியபோது எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. வாயாங் என்றால் மலாயில் கூத்து. ஒரு காலத்தில் சினிமாவுக்கும் அதுதான் பெயர். எங்கள் பேச்சிலோ, பார்க்க ஆள் இருப்பதால் கூட்டிக் காட்டும் நடிப்பு. என் மனைவி கொசு கடித்தாலே “ஐயோ, செத்தேன்” என்பாள். “வாயாங் போதும் லா” என்போம் நானும் மகளும். அவளும் சிரித்துவிடுவாள். வயிற்றுவலி என்று சொன்னபோதும் அதே சொல்தான்.

ஒரு சனிக்கிழமை, கிள்ளானில் நண்பரைப் பார்க்கக் கிளம்பியவன், பிரிக்பீல்ட்ஸ் ரயில் நிலையம் வரை போய்விட்டுக் குடைக்காகத் திரும்பினேன். நான் கதவைத் திறந்தது அவளுக்குக் கேட்கவில்லை. சமையலறைத் தரையில் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முனகல்கூட இல்லை.

“என்ன ஆச்சு?”

“நீங்க போகட்டும்னு இருந்தேன். சொன்னா வாயாங்கும்பீங்க.”

அன்று காலையே கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் இளம்பெண்.

“எத்தன நாளா வலி, ஆன்டி?”

“ரொம்ப நாளா லா டாக்டர். உயிரே போயிட்டுப் போயிட்டு வருது!” கைகளை விரித்து, கண்களை மேலே செருகிக் காட்டினாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்தது.

“கேஸ்ட்ரிக்கா இருக்கும். மருந்து தரேன்.”

அதோடு அனுப்பிவிடுவார் என்று பயந்து, பையிலிருந்த நாட்குறிப்பைப் பிரித்து நாள், நேரம், சாப்பாடு என்று எழுதியிருந்தபடியே வாசித்தேன். ஐந்து மாதத்தில் ஒன்பது முறை.

“அது என்ன அங்கிள், ஒவ்வொண்ணுலயும் வாயாங்?”

“வலி, டாக்டர். நான் தப்பா எழுதிட்டேன்.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒன்பது நாளும் கொழுப்பு மிகுந்த சாப்பாடு. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். பித்தப்பையில் கற்கள் இருந்தன. அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் வாரமே அவள் பாசாருக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கிவந்தாள்.

“ஒன்பது ஷோ ஓடியிருக்கு. ஒரு தடவையாச்சும் கை தட்டுனீங்களா?” என்று கேட்டாள். மகள் சிரித்தாள், என்னால் முடியவில்லை. ஒன்பது இடத்திலும் அந்தச் சொல்லை அடித்து, ‘வலி’ என்று எழுதினேன்.

ஆனால் முதல் வலி அதற்கும் முன்பே, மகளின் கல்யாண வாரத்தில் வந்தது என்கிறாள் மனைவி. அந்த வாரப் பக்கங்களில் விருந்தினர் பெயர்கள்தான் இருக்கின்றன. மகளுக்கும் நினைவில்லை. மனைவி சொன்னதாகக் குறித்து வைத்திருக்கிறேன், இன்னும் உறுதிப்படவில்லை.