செத்தவர் படியிறங்கும் சுருள்

அறுபதுகளில் மலிவாக எடுக்கப்பட்டு மறக்கப்பட்ட துப்பறியும் படங்களைத் தேடிச் சேர்ப்போரைச் சுவையறியாதார் என அண்மையில் ஒரு திறனாய்வாளர் எழுதினார். சங்கப் பாடல் கற்பித்த யானும் அவர்களுள் ஒருவன். மறுமொழி கூறாது விடின் அப்பழி நிலைத்துவிடும், ஆதலின் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் இராசபாளையத்தில் செட்டியார்பட்டிச் சாலையிலிருந்த கீற்றுக்கொட்டகைக்கு அத்தகைய பழம்படம் ஒன்று வந்தது. அட்டையாற் செய்த மாளிகை. காற்றில் சுவர் அசைந்தது. படச்சுருள் பெட்டிகளின் எண்சீட்டுகள் உதிர்ந்திருந்தமையால், மாளிகைக்காரர் சுடப்பட்டு இறக்கும் சுருளை முன்னும், அவர் உயிருடன் உலவும் சுருளைப் பின்னுமாக ஓட்டிவிட்டனர். பிணத்தைத் தூக்கிச் சென்ற மறுநொடியே அவர் சுருட்டுப் புகைத்தபடி படியிறங்கினார்.

“ஏலே, செத்தவன் வருதான்லே!” என்று மணல்தரையில் கூக்குரல் எழுந்தது.

மறுநாள் வரிசையைச் சரிசெய்து ஓட்டினர். செய்தி கேட்டு வந்திருந்த கூட்டம், “பேய எங்கலே ஒளிச்சு வச்சிருக்கீய?” என்று திரைமீது மண்ணை வாரியெறிந்தது. அதன்பின் அப்படம் கொட்டகையை விட்டு எடுக்கப்படும்வரை தவறான வரிசையே அங்கு முறையாயிற்று.

தொண்ணூறுகளில் விநியோகத்தர் கழித்துக்கட்டிய அச்சுருள்களை வாங்கினேன். அவற்றை ஓட்டும் கருவி, திருவில்லிபுத்தூரில் துணிக்கடை வைத்திருந்த இசுலாமிய நண்பரிடம் மட்டுமே இருந்தது. அவரும் என்னைப்போல் சேர்ப்பவரே. எங்கள் கொட்டகையில் ஓடிய வரிசையிலேயே ஓட்டுமாறு கேட்டேன்.

“ஐயா, வரிசைய மாத்திருவோம். எடுத்தவன் இப்படியா எடுத்தான்?”

“மாற்ற வேண்டா, பாய்.”

“ஏட்டுல ஒரு எழுத்து மாறுனா வருசக்கணக்கா சண்டை போடுதீய. இங்க மட்டும் தப்பே சரியாக்கும்?”

“ஏட்டில் புலவர் எழுதியதைத் தேடுகிறேன். இதில் நம்மூரார் கண்டதைக் காக்கிறேன்.”

“அப்ப என் மிசினு ஓடாது, பாத்துக்கிடுங்க.”

பெட்டிகளைப் பேருந்திலேற்றி இராசபாளையம் திரும்பினேன். இனி அப்படத்தைக் காணவே இயலாது போகலாம் என்றறிந்தும் வருந்தவில்லை. பெரும்பொருட் செலவில் எடுத்த படங்களில் பார்ப்போர் செய்வதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. அசையும் சுவரைச் சுவரென்று கொள்ளவோ, காண்பவரும் உடன்பட வேண்டும். அவ்வுடன்பாட்டையே சேர்த்து வைக்கிறேன்.

நோன்புப் பெருநாள் கழிந்தபின் நண்பர் என் வாயிலில் வந்து நின்றார். “மச்சான் வந்திருக்கான்யா. பேய்ப்படம் இருக்குன்னு வாய விட்டுட்டேன். பெட்டிய எடுங்க.”

“எந்த வரிசையில்?”

“செத்தவன் வரணும்லா!”

காலத்தையோ இடத்தையோ யான் பிழைபடக் கூறியிருப்பின் அறிந்தோர் திருத்துக, தலைவணங்கி ஏற்பேன். சுருள்களின் வரிசையை மட்டும் எவரும் திருத்த முன்வர வேண்டா.