நெஞ்சு படபடக்க ஓடிய மண்சடக்கு

கொளுத்தும் வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது... அந்த நாளை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு மராத்தான். சுண்ணாம்பு மலைகளை ஒட்டிய சாலை. முடிவுக்கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று உடம்பெல்லாம் புல்லரித்தது. பற்கள் தந்தியடித்தன. தண்ணீர் மேசையில் யாரோ கப்பை நீட்டினார்கள், வாங்கக் கை எழவில்லை.

கண் விழித்தபோது ஆம்புலன்ஸில் கிடந்தேன்.

"ஹார்ட் நல்லாத்தான் இருக்கு மா. உடம்பு சூடு ஏறிருச்சு, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

புத்தி நம்பியது. நெஞ்சு நம்பவில்லை.

கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. அதன்பிறகு மேல்மாடி ஸ்டோருக்குப் படியேறினாலே பயம். இதயம் கொஞ்சம் வேகமாக அடித்தால் போதும், கழுத்தில் விரல் வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். இதோ விழப்போகிறேன்... இதோ... அப்படி நிற்கும்போதே வாய்க்குள் என்னை நானே திட்டுவேன். "வெக்கமா இல்ல? படி ஏற முடியல, நீயெல்லாம் மராத்தான் ஓடப் போயிட்ட."

ஓட்டத்தில் என் ஜோடி நசீரா அக்கா. கணவரோடு ஈப்போவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். ஞாயிறு காலையில் கடையை அவரிடம் விட்டுவிட்டு ஓட வந்துவிடுவார். நான் விழுந்ததிலிருந்து அக்காவின் போனைக்கூட எடுக்காமல் இருந்தேன். ஒரு ஞாயிறு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஓட வேணாம் மாலா. சும்மா நடந்துட்டு வரலாம், வா லா."

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. உள்ளே போகப் போக அந்த மண்பாதையில், எங்கள் பேச்சில் மண்சடக்கில், வெளிச்சமே குறைந்துவிட்டது. ஒரு மனிதத் தலை இல்லை. நான் அடிக்கொரு தரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

"லைன் இல்லக்கா. திரும்பிடலாம்."

"அந்த வளைவு வரைக்கும் போலாம். நான்தான் இருக்கேன்ல."

வளைவில் அக்காவின் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தது. ஒரு செம்பனையில் கையை ஊன்றிக் குனிந்தார்... மட்டைக்குள்ளிருந்து குளவிகள் கிளம்பின.

நான் இரண்டு எட்டு முன்னால் இருந்ததால் தப்பித்தேன். அக்கா முகத்தை அறைந்துகொண்டே ஓடி வந்தார். குளவிகள் விட்டபிறகு தரையில் உட்கார்ந்தவரைப் பார்த்து எனக்குக் கை கால் ஓடவில்லை. உதடு வீங்கிக்கொண்டே போனது. கண் மூடிக்கொண்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது.

"மாலா... மூச்சு... வரல..."

சடக்கை ஒட்டி நிழலில் சாய்த்து உட்கார வைத்தேன். அக்காவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"பயமாத்தான் இருக்கும்க்கா. பரவால்ல. மெதுவா மூச்சு விடுங்க. நான் போயி ஆள கூட்டிட்டு வாரேன்."

ஓடினேன்.

கொஞ்ச தூரத்திலேயே அது வந்துவிட்டது. காதுக்குள் இதயம் இடித்தது. கை ஜில்லென்று ஆனது. நானும் விழுந்துவிட்டால்? இந்தக் காட்டுக்குள் எங்கள் இருவரையும் யார் தேடுவார்கள்? கால் நின்றுவிட்டது. விரல் தானாகக் கழுத்துக்குப் போனது. "எதுக்கும் லாயக்கில்லாதவ. அக்காவ சாகடிக்கப் போற..."

அப்போதுதான் உறைத்தது. சற்றுமுன் அக்காவிடம் நான் இப்படியா பேசினேன்? பேசியிருந்தால் அவர் இன்னும் மூச்சுத் திணறியிருப்பார்.

யாருமில்லாத அந்தச் சடக்கில் வாய்விட்டுச் சொன்னேன்.

"மாலா, பயமாத்தான் இருக்கும். பரவால்ல. கொஞ்சம் நட."

நடந்தேன். படபடப்பு இறங்கியதும் ஓடினேன். ஏறியதும் மறுபடி நடந்தேன், மறுபடி என்னிடம் பேசினேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கடைசி வரை கூடவே வந்தது. அழுதுகொண்டேதான் ஓடினேன்.

பெரிய ரோட்டோரத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் பிக்கப்பில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பாக்சிக்! தோலோங்!"

பெரியவரே, உதவுங்கள் என்பதற்குமேல் அந்தப் பதற்றத்தில் எனக்கு மலாயே வரவில்லை. காட்டைக் கைகாட்டினேன். அவர் எதுவும் கேட்காமல் வண்டிக் கதவைத் திறந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்காவால் பேச முடியவில்லை. ஆனால் மூச்சு இருந்தது. கிளினிக்கில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாயங்காலம்தான் வீக்கம் கொஞ்சம் வற்றியது.

"என் மூஞ்சி எப்படி இருக்கு?"

"மத்த நாளவிட அழகா இருக்குக்கா."

சிரிக்கப் பார்த்தார். உதடு இடம் கொடுக்கவில்லை.

"உனக்குத்தான் ஓட பயமாச்சே... எப்படி லா ஓடுன?"

"பாதி தூரம் நடந்துதான் போனேன்க்கா."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இப்போது மறுபடி ஓடுகிறேன். மெதுவாகத்தான். நெஞ்சு அடித்துக்கொண்டால் வெட்கப்படாமல் நடக்கிறேன், வாய்விட்டு என்னோடு பேசிக்கொள்கிறேன். பக்கத்தில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஒரு காலத்தில் எனக்கு இதயம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. முன்னால் போகிறவர்களின் முதுகு மட்டும்தான் தெரியும். மேட்டில் சிரித்துப் பேசிக்கொண்டே ஏறுவேன்... அந்த மாலா திரும்பி வரமாட்டாள். சில நாள் அவளை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா செம்பனைப் பக்கமே வருவதில்லை. ஊருக்குள் இருக்கும் பூங்காவில்தான் சந்திக்கிறோம். ஒவ்வொரு மரத்தடிக்கும் முன்னால் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கால் வைப்பார். நானும் அவசரப்படுத்துவதில்லை.

"இன்னைக்கு எவ்ளோ தூரம்?" என்று கேட்பார். முன்பென்றால் கிலோமீட்டர் கணக்கைச் சட்டென்று சொல்லிவிடுவேன்.

இப்போதெல்லாம், "போய்ப் பாப்போம்க்கா" என்கிறேன்.