பாரம் குறைந்த இருக்கை

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான், சீமைக்கு வந்து ஸ்ட்ரெதம் என்ற ஊரில் வேட்டைச் சாமான் கடை போட்டு வெள்ளைக்காரருக்கே விற்றவன். ஒருவரைத் தவிர எவரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

அவர் மெலிந்த யாழ்ப்பாணத்து மனிதர். நெஞ்சில் ஒப்பரேஷன் செய்தவர். மான் வேட்டைக்கு மரத்தில் கட்டி உட்காரும் இருக்கை தேடி வந்தார். ஒவ்வொன்றையும் தோளில் மாட்டி, என்னோடு கதைத்தபடியே கடையைச் சுற்றி நடப்பார். மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் இறக்கி வைப்பார். இருப்பதிலேயே பாரம் குறைந்ததிலும் பேச்சு நின்றது.

"எடுங்கோ அண்ணை. நானே என்ர வான் வண்டியில கொண்டுவந்து வீட்டில இறக்கிறன்."

"வீட்டில இறக்குவீர் தம்பி. காட்டுக்குள்ள ஆர் தூக்கிறது? தன்ர சாமானைத் தூக்க ஏலாதவனைக் கூட்டாளியள் கூட்டிக்கொண்டு போகமாட்டினம்."

வார்களை ஒழுங்காக மடித்துத் தந்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்த வெள்ளைக்காரர் அதே இருக்கையை ஒற்றைக் கையால் தூக்கி, நல்ல இலேசு என்றார். விற்றேன்.