பக்கத்துக்குப் பக்கம் ஜமீலா அக்கா

நம் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஜமீலா அக்காவின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. யாரையோ கிண்டல் செய்திருப்பார் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். அவருடைய மகள் அனுப்பியிருந்தார்: "உம்மா இன்று காலை காலமானார்கள்." சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் சரக்கு அலுவலகத்தில் என் பக்கத்து மேசை அக்காவுடையது. மூக்குக்கண்ணாடிக் கூடு இன்னும் அங்கேயே இருக்கிறது.

மின்னூல் வாங்கினால் வாங்கியவர் பெயர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வரும் அல்லவா, அதில் அக்காவுக்குப் பெருமை. யாராவது கோப்பை அனுப்பச் சொல்லிக் கேட்டால் டேப்லெட்டையே கையில் கொடுத்துவிடுவார். "இரவல் குடுப்பேன். குட்டி போட விடமாட்டேன்" என்பார்.

கிளமெண்டி வட்டாரத்து ரேவதியின் முதல் நாவல் மின்னூலாக மட்டும் வந்தபோது, இது விற்றால்தான் அடுத்தது என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார். டேப்லெட்டை இரவல் வாங்கிய நம் மணி அண்ணன், படித்து உருகிப்போய், கல்யாண வீட்டில் லட்டு கொடுப்பதுபோல் தெரிந்தவர்களுக்கெல்லாம் கோப்பை அனுப்பிவிட்டார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு. எல்லாப் பிரதியிலும் அக்காவின் பெயர்.

"நல்லதுதானே பண்ணேன்லா" என்றார் அண்ணன்.

"நீங்க நல்லவர்தாண்ணே. ஆனா ரேவதியோட அடுத்த புக்கைச் சாப்ட்டுட்டீங்க."

அதோடு அக்கா விடவில்லை. "என் கையை விட்டுத்தானே போச்சு, நான்தான் பாக்கணும்" என்று ஞாயிற்றுக்கிழமை, கோப்பு போய்ச் சேர்ந்திருந்த சிராங்கூன் சாலைக் கடைகளுக்குக் கிளம்பினார். பின்னால் நானும் மணி அண்ணனும். பெயரைச் சொன்னதும் பூக்கடைக்கார அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் ஜமீலாவா? எவ்ளோ நல்லா எழுதியிருக்கீங்க."

"எழுதுனது ரேவதி. வாங்குனது நான். சும்மா படிச்சது நீங்க."

அந்த அம்மா சிரித்தபடியே கோப்பை அழித்தார். அக்கா சொல்லித்தர, அங்கேயே சொந்தமாக ஒன்று வாங்கினார். முடிதிருத்தகத்தில் ஒருவர் மட்டும் முறைத்தார்: "எல்லாரும்தானே பண்றாங்க."

"இருக்கலாம். ஆனா அதுல என் பேர்தானே இருக்கு" என்றார் அக்கா. அவரும் அழித்தார்.

ரேவதியின் இரண்டாம் நாவல் இப்போது வந்துவிட்டது. முதலில் வாங்கியவர் அக்காதான். பாதிவரை படித்திருந்தாராம்.

நேற்று குழுவில் ஒருவர், "புது நாவல் யார்கிட்டயாவது இருந்தா தட்டிவிடுங்க" என்று கேட்டிருந்தார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். ஆனாலும் நாலு பேர் முன் வாய் திறக்க வராது. குழுவில் கட்டைவிரல் படத்தோடு நிறுத்திக்கொள்வேன். நேற்று எழுதினேன்: "என்கிட்ட இருக்கு. அனுப்ப மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு வாங்க, எப்படி வாங்குறதுன்னு காட்டுறேன்."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த "மாட்டேன்"தான். அனுப்பிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், முதல் பதில் மணி அண்ணனுடையது.

"நானும் வரேன்மா. எனக்கும் இன்னும் வாங்கத் தெரியலலா."