நீலமாக வந்த படம்

அக்கா இராஜாக்கமங்கலம் கடற்கரையில் மீனை ஏலம் எடுத்து, நாகர்கோவில் தெருக்களில் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். நான் ஆசிரியை ஆனேன். ஆன பிறகு, மீன் வாடையோடு வரும் அவள் பக்கத்தில் பஸ்ஸில் உட்காரக் கூசினேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் யோக்கியமானவள் ஆகிவிடுவேன்.

இடது மார்பில் கட்டி மாதிரித் தட்டுப்படுகிறது என்று அவள் சொன்னதும், மேமோகிராம் எடுக்கக் கூப்பிட்டேன்.

"ரெண்டு தகட்டுக்கு நடுவுல வச்சு நசுக்குவாவளாமே. நான் வரல்ல ஏட்டி."

எத்தனை கெஞ்சியும் அசையவில்லை. அந்த வாரமே எங்கள் ஊர் சமூகக்கூடத்தில் மார்பகப் பரிசோதனை முகாம் ஒன்று போட்டார்கள். தொட மாட்டோம், அழுத்த மாட்டோம், உடம்பின் சூட்டைக் கேமரா படம் பிடித்துக் காட்டிவிடும் என்றார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அக்காவும் சம்மதித்தாள்.

மீன் விற்ற கையோடு நேரே வந்தவளைப் பாதி வழியில் மறித்தேன். "இந்த வாடையோட அங்க போய் நிக்காத அக்கா. குளிச்சிட்டு வா." திரும்பிப் போய்க் குளித்துவிட்டு வந்தாள். கழுத்திலும் மார்பிலும் பவுடரை நானே அப்பிவிட்டேன்.

படம் முழுக்க நீலமாக வந்தது. எங்கேயும் சூடு அதிகமில்லை என்றார்கள். கட்டியைப் பற்றி அவர்களிடம் அவளும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அக்கா அந்தப் படத்தை லேமினேட் செய்து மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "பாத்தியா, நம்ம கடலு மாதிரி இருக்கு" என்றாள். மேமோகிராம் பேச்சை நான் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

முகாமில் கொடுத்த காகிதத்தை, புற்று அக்குளுக்குப் பரவி அவள் கை வீங்கிய பிறகுதான் தேடி எடுத்துப் படித்தேன். குளித்த உடனே வரக்கூடாது, பவுடர் போடக்கூடாது, சூடு சரியாகப் பதியாது என்று மேலே இருந்தது. இது மேமோகிராமுக்கு மாற்று அல்ல என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. படித்தவளாம் நான்.

நாகர்கோவிலில் பார்த்த பெண் மருத்துவரிடம் குளித்ததையும் பவுடர் போட்டதையும் அழுதுகொண்டே சொன்னேன். "குளிக்காம வந்திருந்தாலும் அந்தப் படத்த நம்பியிருக்கக் கூடாதும்மா. கைக்குத் தட்டுப்படுற கட்டிக்கு மேமோகிராமும் ஊசிப் பரிசோதனையும்தான்" என்றார். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சருக்கு அதைக் கேட்டுக் கோபம் வந்தது. "அந்த முகாம் இல்லன்னா உங்க அக்கா எங்கயுமே போயிருக்க மாட்டாங்க. வெக்கப்படுற பொம்பளைகளுக்கு இதாவது இருக்கட்டுமே" என்றார். அதுவும் உண்மைதான். அக்கா ஒரு படி ஏறினாள். அடுத்த படிக்கு நான் அவளைக் கூட்டிப் போகவில்லை. இதில் யார் ஜெயித்தால் எனக்கென்ன?

அக்கா போய்விட்டாள். பெண்கள் அவளைக் குளிப்பாட்டிப் பட்டுச்சேலை உடுத்தினார்கள். ஒருத்தி பவுடர் டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"நீ போடு மக்கா, கூடப்பொறந்தவல்லா."

டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தேன். மருந்து வாடையும் சோப்பு வாடையும்தான் வந்தன. அவள் உள்ளங்கையை விரித்து முகர்ந்தேன், விரலிடுக்கு விடாமல் முகர்ந்தேன். மீன் வாடை எங்கேயும் இல்லை.