மலையைப் பார்த்த கோழிக்கூண்டு

பக்கத்து வீட்டு பாய் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். அவருடைய பெருவிடைக் கோழிகளைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. பண்ணைகளிலிருந்து வந்த வெள்ளைக் கோழிகள் ஊர்க்கோழிகளோடு கலந்துகொண்டிருந்தன. கலப்பில்லாத பழைய சாதி, உயரக் காலும் நீளக் கழுத்துமாக, எங்கள் தெருவில் அவரிடம் மட்டுமே இருந்தது. பார்க்க வருகிறவர்கள் என் வாசலைத் தாண்டிப் போய் அவர் வாசலில் நின்றார்கள்.

தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, கீழ்பென்னாத்தூர்க் குடியானவர் ஒருவரிடம் நானும் ஒரு ஜோடி வாங்கினேன். பாயைவிட ஒரு குஞ்சாவது அதிகம் பொரிக்கவேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசை இல்லை.

கோழி வளர்ப்புப் பிரசுரங்கள் மூன்றைப் படித்தேன். பாயின் கூண்டு மண்சுவர், ஓலைக் கூரை. நான் கருங்கல் பலகை நிறுத்தி, தகரம் போட்டு, முன்பக்கம் முழுக்கக் கம்பிவலை அடித்தேன். முகப்பை மேற்கே, ஊரே சுற்றிவந்து கும்பிடுகிற மலையைப் பார்த்து வைத்தேன். கிழக்கே வைக்கும்படிதான் மூன்று பிரசுரங்களும் சொல்லின. மலை இல்லாத ஊர்க்காரர்கள் எழுதியது என்று ஒதுக்கினேன்.

பாய் வந்து சுற்றிப் பார்த்தார்.

"பங்களா கணக்கா இருக்கு சார். சாயங்கால வெயில் ஜாஸ்தியா உள்ள விழுமே?"

"உங்க கூண்டு மலைக்கு முதுகக் காட்டிட்டு நிக்குது பாய். என்னுது அப்படி இல்ல."

"கோழி என்ன சார், கிரிவலமா போவப்போவுது?" என்று சிரித்தார்.

பங்குனியில் பதினோரு முட்டைகளோடு கோழி அடையில் உட்கார்ந்தது. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் கல்லும் தகரமும் கொதிக்கும். கோழி வாயைப் பிளந்து இரைத்துவிட்டு எழுந்து போய்விடும். ஒரு சாக்கை நனைத்துத் தொங்கவிட்டிருக்கலாம். பாய் பார்ப்பாரே என்று விடவில்லை. இருபத்தொரு நாள் கழித்து உடைத்தால் அத்தனையும் கூமுட்டை.

அதன்பின் அது முட்டையிட்டதாகவே தெரியவில்லை. சித்திரை பாதியில் என் மனைவி சொன்னாள்:

"உங்க கோழி பாய் கூண்டுல போய் முட்டை வைக்குதுங்க."

"அது நம்மளுதுன்னு எப்படித் தெரியும்?"

"அவரு வூட்டம்மா கரியில கோடு போட்டுத் தனியா வச்சிருக்காங்க. அங்கயே அடைக்கும் உக்காந்துடுச்சாம். கோழிக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியல."

வைகாசியில் பாய் ஒரு கூடையோடும் என் கோழியோடும் வந்தார். "ஒன்பது சார். எனக்கு இந்தத் தடவ ஏழுதான்."

"பாதிய நீங்க வச்சிக்குங்க பாய்." அவர் வாங்கிக்கொண்டிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

"அட, உங்க கோழி, உங்க குஞ்சு. எனக்கு எதுக்கு சார்?"

ஏழுக்கு ஒன்பது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. குஞ்சுகளைக் கருங்கல் கூண்டுக்குள் விட்டேன்.

மறு வாரம் அடி அண்ணாமலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். "பாய்தான் அனுப்பினாரு. உங்க வூட்ல ஒன்பது பொரிச்சிருக்குன்னாரு."

குஞ்சுகளைக் காட்டினேன். அவர்களில் பெரியவர் கருங்கல் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"கூண்டு நல்லா அமைஞ்சிடுச்சு போல. இதுலதான் பொரிச்சுதா சார்?"

வேலிக்கு அந்தப் பக்கம் பாய் தன் கோழிகளுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுகிற தூரம்தான்.

"ஆமாம்" என்றேன்.