கோட்டை பார்க்கப் போன ஞாயிறு

ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடச் சுற்றுலா. மன்னார்க் கோட்டை, பள்ளிமுனைப் பெருக்கமரம், தலைமன்னார் இறங்குதுறை. எனக்கு அந்தக் கிழமை பார்த்துப் பொக்குளிப்பான் வந்து மேலெல்லாம் கொப்புளம். போகவில்லை.

நான் சுகமாகிப் பள்ளிக்கூடம் போனால், போய் வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? பெருக்கமரத்தைக் கை கோத்துச் சுற்றிப் பிடித்த கதை. கோட்டை மதிலில் ஏறின கதை. அது காணாதென்று ரீச்சர் அதைப் பற்றியே கட்டுரை எழுதச் சொன்னா. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். நான் கத்தின கத்தில் அப்பா ஞாயிறு பூசை முடிந்த கையோடு அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் விடத்தல்தீவில் பஸ் ஏறினார்.

மன்னார்ப் பாலம் தாண்டியதும் கோட்டை தெரிந்தது. இறங்க எழும்பினேன்.

“இரு. தூரத்தை முதல் முடிப்பம். வரேக்குள்ள இதுகளைப் பாப்பம்,” என்றார் அப்பா.

கடலில் அப்படித்தான் செய்வார். தூரத்தில் விட்ட வலையை முதல் எடுத்து, மற்றதுகளையும் எடுத்துக்கொண்டு கரைக்கு வருவார். அவர் கடலுக்குப் போய் அப்போது ஐந்து மாதம். இழுவைப் படகொன்று அவருடைய வலை எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போனபிறகு, அடம்பனில் மேசன் ஒருவரோடு சீமெந்து குழைத்தார். பழக்கம் மட்டும் போகவில்லை.

தலைமன்னாரில் இறங்குதுறை பார்த்தோம். துருப்பிடித்த இரும்பு. வெளிச்சவீடு பூட்டிக் கிடந்தது. கட்டுரைக்கு இதில் நாலு வரிகூடத் தேறாது. கோட்டையும் மரமும்தான் மிச்சம். மன்னாரில் எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. இங்கே ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தால் இரண்டையும் பார்க்கலாம். பஸ் நிற்கிற சந்திக்குக் கடற்கரையால் நடந்தோம்.

அங்கே முஸ்லிம் ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை இழுக்கிற உழவு மெசின் பழுது. கையால் இழுத்தார்கள். இழுக்கிற ஆட்கள் காணாது.

“ஒரு கை குடுத்திட்டு வாறன்,” என்றார் அப்பா.

கரைவலைக் கயிற்றில் கை வைத்தவன் மீன் சேருகிற மடி கரைக்கு வரும்வரை விட்டுப் போகக்கூடாது. போனால் மீனும் போகும் என்பார்கள். அப்பாவுக்கு இது தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

“பூசைக்குப் போட்ட காற்சட்டையோட இழுக்கிறார் பார். ஞாயிற்றுக்கிழமையிலயும் இந்த மனுசனுக்குக் கயிறு வேணும்,” என்று அம்மா பனை நிழலில் குந்திவிட்டா.

தாடி வைத்த ஒருவர்தான் அங்கே பெரியவர். முஸ்லிம் ஆட்களில் மூத்தவர்களை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அப்பா கால் ஊன்றி இழுக்கிற விதத்தைக் காக்கா பார்த்தார்.

“தம்பி, இனி மெசினைத் திருத்தத் தேவையில்லைப் போல கிடக்கு!”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

“எந்தக் கரை?”

“விடத்தல்தீவு, காக்கா.”

“தொழில்தானோ?”

தொழில் என்றால் எங்கள் பக்கம் கடல்தொழில். வேறொன்றுமில்லை.

“ஓம் காக்கா. தொழில்தான்.”

ஒன்றரை பஸ் போனது. இரண்டரை பஸ் வந்து சந்தியில் நின்று ஹோர்ன் அடித்தது. அதையும் விட்டால் கோட்டையும் இல்லை, மரமும் இல்லை.

“அப்பா, வாங்கோ.”

“இந்தா, மடி தெரியுது.”

ஒரு மடியும் தெரியவில்லை. வெறும் தண்ணீர். எனக்குப் பொறுமை போய்விட்டது. கயிற்றுக்கு முன்னால் போய் நின்று, அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினேன்.

“அவர் தொழிலுக்குப் போறேல்லை! சீமெந்து குழைக்கிறவர்! விடுங்கோ, நாங்கள் கோட்டை பாக்கப் போகோணும்!”

ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. கயிற்றை விடவும் இல்லை.

“வெயில், பிள்ளை. போய் உம்மாவோட நிழலில இருங்கோ,” என்றார் காக்கா, கடலைப் பார்த்துக்கொண்டு.

பஸ் போய்விட்டது.

மடி கரைக்கு வர நாலு மணி. கீரி மீனும் காரல் மீனும் துள்ளின. கயிறு பிடித்த எல்லாருக்கும் பங்கு உண்டு. காக்கா தன் கையாலேயே ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார்.

“தம்பி, உங்கட பங்கு.”

“வேண்டாம் காக்கா. வீட்டை கறி கிடக்கு.”

எனக்குத் தலை வெடித்தது. என் நாளைத் தின்று, இவ்வளவு நேரம் இழுத்துவிட்டு, வெறுங்கையோடு வருகிறாராம். வீட்டில் ஒரு கறியும் கிடக்கவில்லை. காலையில் அம்மா இடித்த சம்பல்தான். அதையும் காக்காவுக்குச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துத் தோல் சிவக்க நுள்ளினா.

உண்மையைத்தானே சொல்லப் போனேன் என்று அவவோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.